கொடுத்து வைத்த சொத்து

வலைப்பூ ஆரம்பிக்க பிளாகர் நல்லதா, வேர்ட்பிரஸ் நல்லதா என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்டவர் தாராசுரத்துக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். ஊர்ப் பட்டுத் தறிகளைப் பற்றித் தறிக்காரர்களிடமே கேட்டு நாலு நோட்டு எழுதி வைத்திருக்கிறார். எதில் போட்டால் அழகாக இருக்கும் என்பது அவர் கவலை.

எனக்கு வேறு கவலை. பி.காமில் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் படித்திருக்கிறேன். அதில் 151-வது பிரிவு: அடுத்தவர் பொருளை வாங்கி வைத்திருப்பவர், விவேகமுள்ள ஒருவர் தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாலு நோட்டு வாத்தியார் சொத்து மட்டுமா? கண் மங்கிய கிழவர்கள் நம்பிச் சொன்ன கதையாச்சே! அதை எங்கே வைப்பது என்பதில் டெக்னிக்கைவிட தர்மம்தான் அதிகம்.

ஜியோசிட்டீஸ் ஞாபகமிருக்கிறதா? 2009 அக்டோபரில் யாஹூ மூடிவிட்டது. கோடிக்கணக்கான பக்கங்கள்! 2019-ல் கூகுள் ப்ளஸ்ஸும் போனது. இலவச வீட்டில் இருப்பவன், காலி பண்ணு என்றால் பண்ண வேண்டியதுதான். சரி, காசு கொடுத்து இடம் பிடித்து, வேர்ட்பிரஸ்ஸை நாமே போட்டுக்கொண்டால்? எழுதியதெல்லாம் ஒரு டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்டேட் போடாமல் விட்டால் திருடன் நுழைவான். வாத்தியாரால் ஆகிற காரியமா?

1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலம் அது. ஒருவர் அடித்தது அடுத்தவர் கம்ப்யூட்டரில் கன்னாபின்னாவென்று தெரியும். முதலில் டிஸ்கியில் இருந்ததைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். அலங்காரமில்லாத வெறும் எழுத்து என்பதால் மாற்றுவது சாத்தியமாயிற்று.

வாத்தியார் ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. ஐராவதேஸ்வரர் கோயிலில், 12-ம் நூற்றாண்டில், இரண்டாம் ராஜராஜன் காலத்தில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கி, கூடவே பெயரையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். படம் ஓரிடம், விவரம் வேறிடம் என்று பிரிக்கவில்லை.

அவரிடம் சொன்னேன். பிளாகரே போதும் சார். ஆனால் முகவரி மட்டும் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும். நாளைக்கு வீடு மாறினாலும் தபால் வந்து சேரும். எதையும் முதலில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமியுங்கள், படமும் அதே ஃபோல்டரில். ஒரு பிரதி வீட்டில், ஒன்று வேறு ஊரில்.

முகவரிக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும் என்றதும் வாத்தியார் யோசித்தார். "எனக்கப்புறம்?"

மகளிடம் இப்போதே பாஸ்வேர்டைக் கொடுத்து வையுங்கள் என்றேன்.

"பேங்க் பாஸ்வேர்டே இன்னும் கொடுக்கலை சார்!"