மாறுதல் ஆணையும் மலைப்பள்ளியும்

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருவர் ஜவ்வாது மலையில் ஈராசிரியர் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்தில் இடம் கிடைத்துவிடுகிறது. வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளைத் தன்னோடு வைத்துப் படிக்கவைக்கலாம் என்று வீடே மகிழ்கிறது. அதே நேரத்தில் மலையில் ஐந்து வகுப்புகளும் ஒரே ஆசிரியர் கைக்குப் போகின்றன. இங்கே தவறு செய்தவர் யார்?

தமிழ்நாட்டில் இது அரிதான நிகழ்வல்ல. ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் தென்மாவட்டங்களில் அதிகம். காலியிடங்கள் வடமாவட்டங்களிலும் மலைகளிலும் அதிகம். வேலை கிடைத்தால் போதுமென்று வடக்கே வருகிறார்கள், சேர்ந்த நாளிலிருந்தே ஊர் திரும்பும் நாளை எண்ணத் தொடங்குகிறார்கள். நல்லாசிரியர்களும் இதற்கு விலக்கல்லர்.

ஒருவர் போனால் என்ன ஆகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். காலை உணவு சரியாக வந்ததா என்று பார்த்து, வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும். மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி வாசலுக்கு வர வேண்டியிருக்கும். உள்ளே ஒன்றாம் வகுப்புக் குழந்தை இன்னும் பென்சிலைச் சரியாகப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் பாதியில் நிற்கிறது. ஐந்தாம் வகுப்பில் விவரம் தெரிந்த பெண் ஒருத்தி சின்ன வகுப்புகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய பாடம் அன்று நடப்பதில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாளில் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவர் மாற்றுப்பணியில் வருவார். அவருக்குக் குழந்தைகளின் பெயர்கூடத் தெரியாது. அவர் வந்ததால் அவருடைய பள்ளி அன்று ஓராசிரியர் பள்ளியாகிவிடும்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. தொடக்கப்பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது. ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போனாலே காலியிடம் 50 சதவீதம்.

ஆசிரியர்மீது குறை சொல்வோர் வாதம் லேசானதல்ல. எங்கு போட்டாலும் பணியாற்றுவேன் என்று ஒப்புக்கொண்டுதானே வேலையில் சேர்ந்தார்? சம்பளம் மக்கள் வரிப்பணம். மருத்துவர் இல்லாத ஊரில் நோயாளியாவது வண்டி பிடித்து வேறிடம் போகலாம், மலைக்கிராமத்துக் குழந்தை எங்கே போகும்? இதெல்லாம் உண்மை. ஆனால் இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நகரத்தில் குடியிருப்பவர்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் பெண்களே மிகுதி. அடிவாரத்தில் வாடகை வீடு, ஒன்றிரண்டு பேருந்து, அது வராத நாளில் தெரிந்தவர் வண்டியின் பின்னிருக்கை, பள்ளியில் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை என்று வாழ்பவரிடம் இன்னும் பத்தாண்டு இருங்கள் என்று சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது? தியாகம் தானாக முன்வந்து செய்யும்போதுதான் தியாகம். முன்னுரிமைப் பட்டியலில் கீழே இருந்ததால் ஒருவர் தலையில் விழுந்ததற்கு அந்தப் பெயரைச் சூட்டுவது அநியாயம்.

ஆகவே மாறுதல் கேட்பது குற்றமில்லை. இதோடு விஷயம் முடிந்துவிடுவதுமில்லை. கலந்தாய்வு விதிகள் மாற்றுத்திறனாளிகள், கணவரை இழந்தவர்கள், கடும் நோயுற்றவர்கள், கணவன் மனைவி இருவரும் பணியில் இருப்பவர்கள் எனப் பலரின் துயரத்தைக் கணக்கில் எடுக்கின்றன. அது மனிதத்தன்மையான ஏற்பாடு. அந்தக் கூடத்தில் வரிசை எண் இல்லாத ஒரே தரப்பு, காலியாகப்போகும் பள்ளியின் குழந்தை. ஆசிரியருக்கு மாறுதல் ஓராண்டு தள்ளிப்போனால் அது வேதனை, ஆனால் அடுத்த ஆண்டு இன்னொரு கலந்தாய்வு உண்டு. குழந்தைக்கு மூன்றாம் வகுப்பு ஒருமுறைதான் வரும். அந்த ஆண்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகாதவன் அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் பின்வரிசையில்தான் உட்காருகிறான். இரு தரப்பு இழப்பையும் எடைபோட்டால் தட்டு குழந்தையின் பக்கமே தாழ்கிறது.

மாற்று ஆசிரியர் வந்து சேர்ந்த பிறகே பழையவரை விடுவிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு நியாயம் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் நடைமுறையில் அது பல நேரம் தண்டனையாகிவிடுகிறது. ஆணை கையில் இருக்கும், விடுவிப்பு வராது. மாதங்கள் ஓடும். காலியிடத்தை நிரப்ப வேண்டிய அலுவலகத்துக்கு அவசரம் இல்லை, ஒருவர்தான் இருக்கிறாரே! ஆசிரியரின் மனசாட்சியை வைத்து நிர்வாகம் தன் கடமையைத் தள்ளிப்போடுவது அறமாகாது. காத்திருங்கள் என்று கேட்கலாம்; எந்தத் தேதி வரை என்று சொல்லாமல் கேட்கக் கூடாது.

இதைவிடக் கசப்பானது தற்காலிக ஆசிரியர்களின் நிலை. 2012-இல் பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கப்பட்ட இடைநிலை ஆசிரியருக்கு நிர்ணயித்த தொகை 7,500 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 12,000. தொகைகள் பிறகு உயர்ந்தன, நிச்சயமின்மை அப்படியே இருக்கிறது. இப்படி வேலை பார்க்கும் இயற்பியல் ஆசிரியருக்கு ஜனவரியில் நிரந்தர வேலை கிடைக்கிறது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. போகாதே என்று அவரிடம் யார் சொல்ல முடியும்? நாளை இருப்பாயா என்று கேட்காமல் வேலைக்கு வைத்தவர்களுக்கு, நாளை போய்விட்டாயே என்று கேட்க உரிமை இல்லை. ஒரு தரப்புக் குழந்தைகளுக்குச் செய்யும் நீதிக்கான செலவை இன்னொரு ஏழைப் பட்டதாரியின் வயிற்றிலிருந்து எடுப்பதும் இழிவு.

உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிகளுக்கு மாற்றும் பணி நிரவல் விஷயத்தில் ஆசிரியர் தரப்பையும் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆகஸ்ட் 1 நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையை வைத்தே பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. ஆசிரியர் இல்லாத பள்ளியிலிருந்து பெற்றோர் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள், எண்ணிக்கை குறைகிறது, அதைக் காட்டிப் பணியிடமும் போகிறது. மறுபக்கம், நகரையொட்டிய பள்ளிகளில் உபரி என்று அறிவிக்கப்பட்டவரை இருபது கிலோமீட்டர் தள்ளி அனுப்பினாலும் எதிர்ப்பு கிளம்புகிறது. மலையில் ஆறு ஆண்டு இருந்தவர் ஊர் திரும்புவதற்கு இருக்கும் நியாயம் இந்த எதிர்ப்புக்கு இல்லை. அவர் இறங்கிவர வேண்டுமென்றால் இன்னொருவர் ஏறிப்போக வேண்டும். அந்த முறையைச் சுழற்சியாக ஏற்க மறுக்கும் ஆசிரியர் சங்கம், தன் சொந்த உறுப்பினரையே மலையில் பூட்டிவைக்கிறது.

செய்யக்கூடியது கைக்கெட்டாததல்ல. கடினமான இடத்தில் செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் அடுத்த மாறுதலில் தெளிவான மதிப்பு வேண்டும், பெண் ஒருவர் பயமின்றித் தங்கக்கூடிய குடியிருப்பு பள்ளிக்கருகே வேண்டும். விடுவிப்புக்குத் தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதிக்குள் மாற்று ஆசிரியர் வராவிட்டால் இருப்பவர் போகட்டும். வட்டாரக் கல்வி அலுவலர் மலையேறி வந்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களிடம் ஏன் யாரும் வரவில்லை என்று நேரில் சொல்லட்டும்.