விலையும் மாண்பும்: ‘பின்-அப்’ புகைப்படம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு பெண்ணை ஒரு பொருளின் அருகே நிறுத்திப் படம் பிடிக்கும்போது, அப்படத்தில் இருப்பவை ஒரு மனிதரும் ஒரு பொருளுமா, அன்றி இரு பொருள்களா? ஐக்கிய அமெரிக்காவில் 1940களிலும் 1950களிலும் செழித்து, இன்று பல நாடுகளிலும் புத்துயிர் பெற்றுள்ள ‘பின்-அப்’ பாணிப் புகைப்படங்கள், குறிப்பாகப் பழைய மோட்டார் கார்களுடன் எடுக்கப்படுபவை, இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றன.

சுவரில் ஊசியாற் குத்தி வைக்கப்படும் படம் என்பதே ‘பின்-அப்’ என்ற பெயரின் பொருள். படத்தில் உள்ளவரையன்றி, படம் பயன்படும் முறையையே அப்பெயர் சுட்டுகின்றமை மனங்கொள்ளத்தக்கது. நடிகை பெற்றி கிறேபிள் தோளுக்கு மேலாகத் திரும்பிப் புன்னகைக்கும் 1943ஆம் ஆண்டுப் படம், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் படைவீரரிடையே பெரிதும் பரவியது. ஓவியர் கில் எல்வ்கிறென் மாதிரிப் பெண்களைப் புகைப்படமெடுத்து, அவற்றைக் கொண்டு நாட்காட்டிப் படங்களை வரைந்தார். அப்பெண்கள் பலர், காற்றில் உயரும் பாவாடை போன்ற சிறு இடையூறுகளில் அகப்பட்டவராகத் தோன்றுவர். எனவே இப்பாணியின் இலக்கணம் உடையின் அளவிலன்று; திட்டமிட்டதைத் தற்செயல் போலக் காட்டுவதிலும், பார்ப்பவனை இன்முகத்துடன் வரவேற்கும் பார்வையிலுமே தங்கியுள்ளது.

இனி, காரை நோக்குவோம். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏள் காலத்தில், போர் விமானமொன்றின் சாயலில் 1948ஆம் ஆண்டுக் கடிலாக் காரில் தோன்றிய வாற்சிறகுகள், 1959ஆம் ஆண்டு மாதிரியில் உச்சத்தை எட்டின. சென்ற ஆண்டின் காரைப் பழையதாக்கிப் புதியதன் மீது வேட்கையை எழுப்புவதே ஆண்டுதோறும் மாதிரியை மாற்றும் வணிகமுறையின் நோக்கமாகும். அக்காலக் கடிலாக்கின் முன்புறத்தே துருத்தி நின்ற கூம்புகளுக்கு, டக்மார் என்ற தொலைக்காட்சி நடிகையின் பெயரே பட்டப்பெயராய் வழங்கிற்று. பெண்ணுடலின் பெயர் பொருளைச் சென்றடைந்தது. பொருளின் தன்மை பெண்ணுடல் மீது ஏறிற்று.

இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட தம் அறவியல் நூலில் விலையையும் மாண்பையும் வேறுபடுத்தினார். விலையுடையதன் இடத்தில் நிகரான வேறொன்றை வைக்கலாம். மாண்புடையதற்கு நிகர் இல்லை. இவ்வளவுகோல் நமக்குப் பயன்படும். படத்திலுள்ள பெண்ணை நீக்கி வேறொருத்தியை நிறுத்தினும் படம் மாறாதெனின், அங்கே இருப்பது அலங்காரமே. மாதம் ஒரு முகத்தை மாற்றும் நாட்காட்டியும் ஆண்டுக்கொரு மாதிரியை மாற்றும் தொழிற்சாலையும் ஒரே தருக்கத்திலேயே இயங்கின.

இதற்கு மறுப்பு உண்டு. மாதிரிப் பெண்ணாயிருந்து புகைப்படக் கலைஞரான பனி யேகர், 1954இல் பெற்றி பேஜைப் படம் பிடித்தார். இன்றும் பெண்கள் பலர் தாமே விரும்பி இக்கோலத்தைப் புனைகின்றனர். அவர்களைப் பொருளென்பது அவர்தம் விருப்பத்தை அவமதிப்பதன்றோ? இம்மறுப்பு வலியது. எனினும், சம்மதம் வற்புறுத்தல் என்ற குற்றத்தையே நீக்கும். படம் கூறும் பொருளை அது முழுமையாகத் தீர்மானிப்பதில்லை.

அப்பொருளை வரலாறும் தீர்மானிக்கின்றது. கடன் வழங்குவதில் பாலினம், திருமண நிலை என்பவற்றின் அடிப்படையிற் பாகுபாடு காட்டுவதை அமெரிக்கச் சட்டம் 1974இலேயே தடைசெய்தது. அதற்கு முன்னர், கணவனின் கையொப்பமின்றி மனைவிக்குக் கடன் மறுக்கப்படுவது வழக்கமாயிருந்தது. விளம்பரத்திற் காரின் மீது சாய்ந்து நின்றவள், தன் பெயரிற் கடன்பெற்று அக்காரை வாங்க இயலாதவளாய் இருந்திருக்கக்கூடும். குரோமியத்தின் மினுக்கத்தை நினைந்து இதனை மறக்கும் ஏக்கம் பாதி நினைவேயாகும்.

ஆயின், அதே காரைத் தன் உழைப்பால் வாங்கி, செப்பனிட்டு, ஓட்டுகின்ற பெண்ணொருத்தி அதன் முன் நிற்கும் படம் வேறானது. அவளிடத்தில் இன்னொருத்தியை நிறுத்த முடியாது. நிறுத்தினாற் படம் பொய்யாகிவிடும். கையிற் பிடித்த திருகுசாவி அலங்காரமா, கருவியா என்பதே வினா. இவ்வினாவுக்குத் தடைச்சட்டங்கள் விடைதரா. படத்தை எடுப்பவரும் அதிலே நிற்பவரும் பார்க்கும் நாமுமே விடைதரக் கடமைப்பட்டுள்ளோம்.