சோற்றைத் துறத்தல்

திரியாய்க் குன்றின்மீதுள்ள பழைய பௌத்த சைத்தியத்தைப் பற்றி ஒரு மரபுக் கதை வழங்குகின்றது. ஞானம் பெற்ற புத்தருக்கு முதன்முதலாக மாவும் தேனும் ஈந்து பசி தீர்த்த வணிகர் இருவர், அவர் அளித்த கேசத்தைக் கொணர்ந்து இங்கே வைத்தனர் என்பது அக்கதை. குன்றிலுள்ள வடமொழிக் கல்வெட்டும் அவ்வணிகரின் பெயர்களைக் கூறுகின்றது. கதை வரலாறு ஆகுமா என்பதை அறிஞர் ஆராயட்டும். பேருண்மை கண்ட மனிதனுக்கு உலகம் முதலில் நீட்டியது தானியம் என்பதே நம் நெஞ்சில் நிற்கின்றது.

அக்குன்றுக்கு அண்மையில் வாழும் நம் நண்பர், நம்மைப் போல் ஆசிரியர், சென்ற ஆண்டு தானியத்தைத் துறந்தார். நீரிழிவு கண்டிருந்தது. 'பேலியோ' எனப்படும் ஆதிமனித உணவுமுறையை அவர் மேற்கொண்டார். சோறு, ரொட்டி, பருப்பு, சீனி ஆகியவை விலக்கு. இறைச்சி, மீன், முட்டை, காய், கீரை ஆகியவை உணவு. 1975இல் அமெரிக்க மருத்துவர் வோக்ட்லின் இக்கருத்தை நூலாக்கினார். 1985இல் ஈட்டன், கொன்னர் என்போர் மருத்துவ ஏட்டில் எழுதி அதற்கு மதிப்புத் தேடித் தந்தனர். தமிழில் நியாண்டர் செல்வன் அதனைப் பலரிடம் கொண்டுசேர்த்தார். நண்பரின் எடை குறைந்தது. இரத்தச் சர்க்கரை இறங்கியது. மருத்துவர் கண்காணிப்பில் நடந்த இந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

வீட்டுப் பின்புறத்தில் தோட்டமும் உருவாயிற்று. ஐப்பசி மழைக்கு முன் மண்ணைக் கொத்தி, எருவிட்டு, கத்தரியும் வெண்டையும் நட்டார். கிணற்றடி ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்ந்தன. வேலியில் முருங்கையும் தூதுவளையும் நின்றன. கீரைகளின் பெயரையும் பக்குவத்தையும் அவருக்குக் கற்பித்தவர், நாட்கூலிக்கு அங்கு வரும் ஓர் அக்கா. முருங்கையிலையை நரம்பு நீக்கி, தேங்காய்ப்பூவும் சின்னவெங்காயமும் சேர்த்து வறுத்தெடுக்கும் அவரது வறையை உண்டவர், சோறில்லாமையை அரைமணி நேரமாவது மறப்பர். தூதுவளையின் முள்ளை ஒவ்வொன்றாகக் களைந்தவை அந்த அக்காவின் விரல்களே.

எனினும், 'ஆதிமனிதன் உண்டதையே உண்கின்றேன்' என்று நண்பர் பெருமை பேசும்போது நாம் இணங்குவதற்கில்லை. நம் தீவின் பாகியன்கல குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர். நண்பரோ புரொயிலர்க் கோழியோடு நின்றுவிட்டார்! கலிலேயாக் கடற்கரையில் ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் காட்டு வாற்கோதுமையை அரைத்துள்ளனர். ஜோர்தானில், உழவு தோன்றுவதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் முன்னரே ரொட்டி சுட்டனர். நம் உரையாசிரியர்களும், வேட்டுவர் வாழும் குறிஞ்சிக்கு உணவு எதுவெனச் சொல்லவந்த இடத்தில் தினையையும் மலைநெல்லையும் மூங்கிலரிசியையுமே சொன்னார்கள். மேலும், நண்பரின் கறியிலுள்ள மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சோற்றுக்குப் பதிலாக அவர் துருவி உண்ணும் பூக்கோவா, கோவாவையும் நோக்கோலையும் போலவே, ஒரே காட்டுச் செடியிலிருந்து உழவர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த பயிர். உழவனை மறந்து கற்காலம் போக எண்ணியவர், உழவன் படைத்த காயைச் சுமந்துகொண்டே போகின்றார்.

அப்பூக்கோவா திரியாயின் வெயிலில் விளைவதன்று. நுவரெலியாவிலிருந்து லொறியில் வருகின்றது. இடையுணவான பாதாமோ கடல் கடந்து வருகின்றது. ஒரு நாள் அதன் விலையைக் கேட்ட அக்கா, கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சோறில்லாம இருக்கிறதுக்கும் இப்ப காசு வேணுமோ சேர்?"

அவர் சோறின்றி இருந்த காலம் ஒன்றுண்டு. ஈட்டனும் கொன்னரும் ஆதிமனிதனின் உணவை ஆராய்ந்தெழுதிய அதே 1985இல், திரியாய் எரிந்தது. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். சிறுமியாகக் காட்டிற் பதுங்கியிருந்த நாட்களில் பாலைப்பழமும், உப்பில்லாமல் அவித்த முசுட்டையிலையும் தின்றதை அவர் நினைவுகூர்ந்தார். தானியமும் சீனியும் அற்ற உணவுதான். அதற்கு எவரும் நூல் எழுதவில்லை. மீண்டு வந்தோருக்கும் வயல் எளிதாய்க் கிட்டிவிடவில்லை. தொல்பொருட் காணி என்றும் விகாரைக் காணி என்றும் எழுந்த தடைகளால் அண்மை ஆண்டுகளிலும் இவ்வூர் உழவர் தம் வயலிலிருந்து விலக்கப்பட்டனர்.

ஆகவே நம்முன் நிற்கும் வினா இது: ஒருவன் வேண்டாமென ஒதுக்குவது மற்றொருவனுக்கு மறுக்கப்பட்டதாய் இருக்கையில், அவ்வொதுக்கலை ஒழுக்கம் என்று கொண்டாடலாமா? மருந்தாக ஒதுக்கட்டும், நோயாளியின் உரிமை அது. ஊரிற் சோறில்லாதவன் இருக்கின்றான் என்பதற்காக நீரிழிவுக்காரன் சோறுண்டு சாக வேண்டும் என்பது மூடத்தனம். ஆனால் மருந்து விரைவிலேயே மேன்மையாக மாறிவிடுகின்றது. நண்பர் ஒரு நாள் வகுப்பில், "சோறு நஞ்சு" என்றார். அன்று மதிய இடைவேளையில், வெறுஞ்சோறும் சம்பலும் கட்டிவந்த மாணவன் ஒருவன் பொதியைப் பிரிக்காமலே வைத்திருந்தான். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். பொதியைக் கட்டிக்கொடுத்த தாயின் முகம் வீடு திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் நண்பரிடம் பேசினோம். முதலிற் சினந்தார், பிறகு நீண்ட நேரம் பேசாதிருந்தார். அம்மாணவனை அழைத்து, தமக்குள்ள நோயைப் பற்றியும், அவனுக்கு அந்நோய் இல்லை என்பதைப் பற்றியும் விளக்கியதாகப் பின்னர் அறிந்தோம். அக்காவின் கூலியையும் சற்று உயர்த்தினார். அது போதுமானதா என்பது நமக்கு ஐயம்.

சென்ற கிழமை அத்தோட்டத்துக்குப் போயிருந்தோம். கிணற்று நீர் வழிந்தோடும் மூலையில் வற்றாளைக் கொடி நடப்பட்டிருந்தது. நண்பரின் பட்டியலில் அதற்கு இடமில்லை. யார் நட்டது என்று கேட்டோம். அக்கா நட்டாராம், கிழங்கு அவர் வீட்டுக்காம்.