ஐயமும் ஈமானும்

பல ஆண்டுகளுக்கு முன்பு, புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசல் முற்றத்தில் ஜமாஅத் கூடியிருந்தது. நானும் அதில் ஓர் உறுப்பினன். கணவன் அஞ்சலில் அனுப்பிய தலாக் கடிதம் வாசிக்கப்பட்டது. அவன் வீட்டார் பேசினர்; பெரியவர்கள் பேசினர். யாருடைய வாழ்வு பற்றிய வழக்கோ, அந்தப் பெண் மட்டும் பேசவில்லை. கைக்குழந்தையுடன் மதிலுக்கு வெளியே நின்றிருந்தாள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

வீடு திரும்பியதும் என் மகள் கேட்டாள்: "அத்தா, அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மார்க்க விஷயத்தில் கேள்வி கேட்கக் கூடாதும்மா" என்றேன். அன்று அது பணிவு என்று எனக்குத் தோன்றிற்று. இன்று எண்ணிப் பார்த்தால், அது பணிவன்று. என் மௌனத்தின் மேல் நான் போர்த்திய போர்வை.

உறுதியாக நம்புகிறவன் தன் நம்பிக்கையை ஆராயலாமா? ஆராய்ந்தால் ஈமான் தளர்ந்துவிடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். ஆனால், நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். மரித்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் எனக் காட்டுமாறு இறைவனிடமே அவர்கள் வேண்டினார்கள். நம்பவில்லையா என்று வினவப்பட்டபோது, நம்புகிறேன், உள்ளம் அமைதி பெறவே கேட்கிறேன் என்ற கருத்தில் விடை பகர்ந்தார்கள். இறைவன் அக்கேள்வியைக் கடியவில்லை, விடையளித்தான். அந்த நபியையே 'கலீலுல்லாஹ்', இறைவனின் தோழர், என்று நாம் போற்றுகிறோம். கேள்வி அத்தோழமையைக் குலைக்கவில்லையன்றோ!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வும் இதற்குச் சான்று. 1058இல் தூஸ் நகரில் பிறந்து, பக்தாதின் நிஜாமிய்யாக் கலாசாலையில் பேராசானாக வீற்றிருந்தவர் அவர். கிறிஸ்தவர் வீட்டுக் குழந்தை கிறிஸ்தவனாகவும், யூதர் வீட்டுக் குழந்தை யூதனாகவும், முஸ்லிம் வீட்டுக் குழந்தை முஸ்லிமாகவும் வளர்வதைக் கண்டு, பெற்றோரிடமிருந்து வெறுமனே பெற்ற நம்பிக்கைக்கும் அறிந்து பெற்ற நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு என்ன என்று உசாவினார். கண்ணுக்கு ஒரு நாணயமளவே தோன்றும் விண்மீன் பூமியினும் பெரிதென்று கணிதம் காட்டும்போது, புலன்களை எங்ஙனம் நம்புவது என்றும் ஐயுற்றார். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அந்த ஐயம் அவரை வாட்டியது. பின்னர், 1095இல், தம் புகழையும் பதவியையுமே ஐயுற்றுப் பக்தாதைத் துறந்தார். அவர் கற்பித்தது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்பதே அந்த இரண்டாம் கேள்வி. முதல் கேள்வியினும் அது கடினமானது.

நம் மாவட்டம் உள்நாட்டையும் கடற்கரையையும் ஒருங்கே உடையது. தமிழகத்தின் உள்நாட்டில் ஹனஃபிகளும் கடலோரத்தில் ஷாஃபிகளும் பெரும்பாலோர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோடு அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் எத்தனையோ சட்டங்களில் மாறுபட்டனர். இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்களோ ஈராக்கில் தாம் கூறியவற்றுள் பலவற்றை எகிப்து சென்றபின் தாமே மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் இறைவனை ஐயுறவில்லை. தங்கள் விளக்கம் தவறாக இருக்கலாம் என ஐயுற்றார்கள். இறைவாக்கு வேறு, அதை நாம் விளங்கிக்கொண்ட விதம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, நம் அறிவுக்கே பிழையின்மையை வழங்குவது பக்தியன்று, ஆணவம்.

கைக்கூலியை எண்ணிப் பாருங்கள். மணமகன் மஹர் கொடுக்க வேண்டும் என்பது மார்க்கம். மணமகளின் தந்தையிடம் வாங்குவது வழக்கம். ஆயினும் எத்தனை ஊர்களில் வழக்கம் மார்க்கத்தின் இருக்கையில் அமர்ந்து, மஹரை ஒரு சடங்குத் தொகையாகச் சுருக்கிவிட்டது! இங்கே கேள்வி கேட்பவன் மார்க்கத்தை விட்டு விலகுகிறவனல்லன், அதனிடம் திரும்புகிறவன்.

1991இல் அறிவொளி இயக்கம் நம் மாவட்டப் பெண்களுக்கு எழுத்தும் மிதிவண்டியும் கற்பித்தது. பின்னர், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், இதே புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் அவர்களும் தோழியரும் பெண்கள் ஜமாஅத் ஒன்றை உருவாக்கினர். பெண்கள் அமர இயலாத சபையில் பெண்களின் வழக்கு முடிவாவது முறையா என்று கேட்டனர். பெண்களுக்கெனப் பள்ளிவாசல் கட்டும் அவர்களின் எண்ணம் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதில் அறிஞர்கள் மாறுபடலாம். நானும் இன்னும் தெளிவு பெறவில்லை. ஆனால் அவர்கள் மார்க்கத்தைத் துறக்கவில்லை. மார்க்கம் தங்களுக்களித்த மஹரையும் நீதியையுமே கேட்டனர். 2017 ஆகஸ்டு 22இல் உச்ச நீதிமன்றம் ஒரே மூச்சில் கூறும் முத்தலாக் செல்லாது என்றது. 2019இல் அதைத் தண்டனைக்குரியதாக்கும் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் நோக்கம் பற்றி நமக்குக் குறைகள் இருக்கலாம். எனினும், நாம் முற்றத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கத் தில்லி வரை போக நேர்ந்ததே!

கேள்விக்கும் ஒழுக்கம் உண்டு. பிறரை மடக்குவதற்காகக் கேட்பவன் தன் கெட்டித்தனத்தையே தொழுகிறான். பிறர் நம்பிக்கையை ஆராயும் கூர்மையோடு தன் ஐயத்தையும் ஆராயாதவன் பாதி வழியே வந்தவன். அறிவு எட்டாத இடங்களும் உண்டு. பிஞ்சுக் குழந்தையை மண்ணில் வைத்துவிட்டு வந்த தாயிடம் தர்க்கம் என்ன பேசும்? அங்கே "நான் அறியேன்" என்று சொல்லி அவளருகே அமர்வதே அறிவு. மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மை நாடி வந்த வினாக்கள் பலவற்றுக்குத் "தெரியாது" என்றே விடையளித்ததாகச் சொல்வர். அவ்வளவு பெரிய அறிஞர் சொல்லக் கூசாத சொல்லை நாம் ஏன் கூச வேண்டும்?

என் மகளின் மகள் இப்போது கேள்வி கேட்கும் வயதில் இருக்கிறாள். "கேளும்மா, சேர்ந்தே தேடுவோம்" என்கிறேன். இதனால் என் தொழுகை குறையவில்லை; சஜ்தாவில் நெற்றி இன்னும் சற்று நேரம் தரையில் தங்குகிறது.

ஆயினும் மதிலுக்கு வெளியே நின்ற அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. மறுமையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுள் அவளுடையதும் ஒன்றாக இருக்கும். அன்று, "கேள்வி கேட்கக் கூடாதென்று நினைத்தேன்" என்ற சொல் எனக்குக் கைகொடுக்குமென்று நான் நம்பவில்லை.