உப்பு பார்க்காமல் சமைக்கிற அக்கா

 

விரத நாள் வந்தாலே நம்ம குரூப்களில் ஒரு பேச்சு வரும். "தான் சாப்பிடாம இருந்து, வீட்டில் எல்லாருக்கும் சமைச்சுப் போடறாங்களே, அதுதான் பெரிய தவம்" என்று அம்மாக்களைப் புகழ்வோம். புகழட்டும், தப்பில்லை. ஆனா அது எப்போ தவம், எப்போ வெறும் வேலைச் சுமை? இதைக் கொஞ்சம் கஷ்டமான ஒரு உதாரணத்தை வச்சு யோசிக்கலாம்.

உடல் எடையைக் குறைக்கிற ஆபரேஷனை எடுத்துக்கோங்க. பணக்காரங்க சமாச்சாரம்னு ஒதுக்க முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களுக்கு எடை அதிகம். எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. ஆனா சுகர், பிரஷர், மூட்டு வலின்னு சேர்ந்து கடைசியில் டாக்டர் இதைச் சொல்ற நிலைக்கு வர்றவங்க நம்ம பக்கத்திலும் இருக்காங்க.

"ஸ்லீவ்" முறையில் இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை எடுத்துடுவாங்க. மிச்சம் இருக்கிறது வாழைப்பழம் மாதிரி ஒரு குறுகலான பை. முதல் ரெண்டு வாரம் கிட்டத்தட்ட நீர் ஆகாரம்தான். அப்புறம் மசிச்சது, அதுக்கப்புறம் குழைய வெந்தது. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகும். தண்ணியும் சாப்பாடும் சேர்ந்து போகக் கூடாது, நடுவில் அரை மணி நேரம் விடணும். ஒரு நாளைக்குக் குறைஞ்சது 60 கிராம் புரதம் உள்ளே போகணும், ஆனா ஒரு வேளைக்குச் சில ஸ்பூன்தான் பிடிக்கும். சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. அவங்களுக்குச் சாப்பிடறதே நாள் முழுக்கச் செய்யற வேலை.

இப்போ ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போற ஒரு அக்காவை நினைச்சுப் பாருங்க. ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது வாரம். வயித்தில் இருக்கிறது நாலஞ்சு சின்னத் தழும்புதான், அதுவும் ஆறிடுச்சு. பார்க்க நல்லாதான் இருக்காங்க. வீட்டில் மெதுவா ஒரு குரல் வரும்: "அதான் பசியே எடுக்காதாமே, சமைக்கிறதுல என்ன கஷ்டம்?"

பசி குறையறது உண்மைதான். பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறதே எடுத்துப் போட்ட அந்தப் பகுதியில்தான். ஆனா ஆசை வயித்தில் மட்டுமா இருக்கு? தாளிக்கிற வாசனை மூக்குக்குப் போகும். கரண்டியில் இருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு உப்பு பார்க்கிற கை, இருபது வருஷப் பழக்கத்தில் தானா மேலே எழும். சிலருக்கு அந்த வாசனையே குமட்டும். பிள்ளைங்க தட்டில் மிச்சம் வச்சதை "அன்னத்தை வீணாக்கக் கூடாது"ன்னு தன் வயித்தில் போட்டுக்கிட்டு வந்தவங்க வேற. அந்த மிச்சமும் இப்போ அவங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கும். (சோறு வீணாகக் கூடாது என்பது சரிதான். அதுக்கு அம்மா வயிறு குப்பைத் தொட்டி இல்லையே.) இதோட வெயிட் தூக்கவும் சில வாரம் தடை. குக்கரையும் தண்ணிக் குடத்தையும் யார் இறக்கி வைக்கிறது?

இங்கேதான் ஒரு பக்தர் சொல்லலாம்: "கோயில் மடப்பள்ளியில் நைவேத்தியம் செய்யறவங்களும் ருசி பார்க்காமத்தானே சமைக்கிறாங்க. இந்த அக்கா செய்யறதும் அது மாதிரி புனிதம்தானே?" அழகான ஒப்புமை, எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா அது முழுசாப் பொருந்தாது. சாமி உப்பு கம்மின்னு தட்டைத் தள்ளறதில்லை, வீட்டில் தள்ளுவோம். இன்னொண்ணு, மடப்பள்ளியில் சமைக்கிறவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாச் சாப்பிடலாம்.

விரதம் நாமே சங்கல்பம் செஞ்சு எடுத்துக்கிறது. ஆறாவது நாள் முடியும்னு தெரியும். உடம்பு முடியலைன்னா நிறுத்தலாம், முருகன் கோவிச்சுக்க மாட்டான். வேற வழியில்லாம அடுப்படியில் நிக்கிறவங்களுக்கு இந்த மூணும் கிடையாது. அதை எடுத்துத் "தவம்"னு பேர் வச்சா, புகழ்ச்சி அவங்களுக்கு, வசதி நமக்கு. அவங்க "முடியலை"ன்னு சொல்றதையும் அந்தப் புகழ்ச்சியே கஷ்டமாக்கிடுது. தவத்தைப் பாதியில் விட்டவங்க ஆகிடுவாங்களே.

இன்னொரு பக்கமும் இருக்கு. சில பேருக்குச் சமையல்தான் தெம்பு. "என் கையால ஒரு ரசம் வைக்கிறேன், அதைச் சாப்பிட்டு நீங்க நல்லாருக்குன்னு சொன்னாப் போதும்" என்பாங்க. அவங்க கையில் இருந்து கரண்டியைப் பிடுங்கி, "நீ சும்மா உட்காரு"ன்னு சொல்றதும் ஒரு விதத்தில் அவமானம்தான். அதனால சமைக்கலாமா கூடாதான்னு நான் கேட்கலை. இன்னிக்கு அவங்க சமைக்கலைன்னா, யார்கிட்டயும் சொல்லாம, மன்னிப்புக் கேட்காம போய்ப் படுத்துக்கிட்டா, வீட்டில் சாப்பாடு நடக்குமா? நடக்கும்னா அவங்க வைக்கிற ரசம் அன்பு. நடக்காதுன்னா அது டூட்டி.

டூட்டின்னு சொன்னதும் ஞாபகம் வருது. கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. இருக்கிறவங்களுக்கு, டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தா, வருஷத்தில் 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். "நோயில் இருக்கிற ஆளை வேலை வாங்கக் கூடாது" என்று சட்டமே ஒத்துக்கிட்டு, அதுக்குப் பணமும் வச்சிருக்கு. அடுப்படிக்கு அப்படி ஒரு சர்டிபிகேட் இல்லை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் கொடுக்கிறாங்க, வீட்டு வேலை செய்யற ஆண்கள் 97 நிமிஷம். ஆம்பளைங்கள்ல செய்யறவங்களே நாலில் ஒருத்தர்தான் என்பது தனிக் கதை.

வேலூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சி.எம்.சி. சுத்தி இருக்கிற லாட்ஜ்களைப் பார்த்திருப்பீங்க. வங்காளம், ஜார்கண்ட்னு எங்கிருந்தோ வந்தவங்க வாடகை ரூமில் அடுப்பு வச்சுச் சமைக்கிறாங்க. அங்கே சமைக்கிறது யார்? நோயாளி இல்லை, கூட வந்தவர். அது அண்ணனோ புருஷனோ பையனோ யாராவும் இருக்கலாம். கத்திரிக்காய் வாங்கத் தெரியுது, கஞ்சி வைக்கத் தெரியுது. ஆஸ்பத்திரி ஊரில் இருக்கிற வரைக்கும் அவங்க நோயாளி. சொந்த வீட்டு வாசப்படியில் கால் வச்சதும் மறுபடி வீட்டுப் பொம்பளை ஆகிடறாங்க. நமக்கு வீடும் ஆஸ்பத்திரியும் ஒரே ஊர்ங்கிறதால அந்த மாற்றம் இன்னும் சீக்கிரம் நடந்துடுது, ஆட்டோவில் வந்து இறங்கற நேரம்தான்.

காட்பாடிக்கு அந்தப் பக்கம் வள்ளிமலை போயிருப்பீங்க. தினைப்புனம் காத்துக்கிட்டு இருந்த வள்ளிகிட்ட முருகன் கிழவர் வேஷத்தில் வந்து பசிக்குதுன்னு கேட்டார். தினைமாவும் தேனும் வாங்கிச் சாப்பிட்டார், தாகம்னு தண்ணியும் கேட்டார். பசின்னு வர்றவர் சாமியாவே இருக்கலாம்னு இந்தக் கதையை நாம வழக்கமாச் சொல்லுவோம். சரி, அந்த அக்கா வீட்டில் பசியோட இருக்கிற கிழவர் யார்? பிரியாணி கேட்கிற நாமளா? ரெண்டு மணிக்கு ஒரு தடவை நாலு ஸ்பூன் பருப்புத் தண்ணி இறங்கினாத்தான் உடம்பு தேறும்னு இருக்கிறவங்களா? அவங்களுக்கு அதை மசிச்சு எடுத்துக்கிட்டு வர்ற வள்ளி அந்த வீட்டில் யாரு? பையனாவும் இருக்கலாம்.

ஞாயித்துக்கிழமை பிரியாணியை வீடே தியாகம் செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஆம்பூர்ல இருந்துக்கிட்டு, முதல் ரெண்டு மாசமும் சீரகச் சம்பா ஊற வச்சு வீட்டிலேயே தம் போட்டாத்தான் ஆச்சான்னு கேட்பேன். ஹைவே பூரா கடை இருக்கு. வார நாளில் சமையல் பழகற தம்பி தங்கச்சிங்க, உப்பு பார்க்கிற வேலையை நீங்களே எடுத்துக்கோங்க. "அக்கா, கொஞ்சம் டேஸ்ட் பண்ணிச் சொல்லு"ன்னு கரண்டியை நீட்டாதீங்க.

ஐப்பசியில் கந்த சஷ்டி வரும்போது அந்த அக்கா கேட்பாங்க, "இந்த வருஷம் விரதம் இருக்கலாமா?" மிளகு விரதம், தண்ணி குடிக்காத விரதம் எல்லாம் அந்த உடம்புக்கு இப்போ ஆபத்து. இந்த ஆபரேஷன் செஞ்சவங்க மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வர்ற காரணங்களில் உடம்பில் நீர் வத்திப் போறது முக்கியமானது. டாக்டர்கிட்ட கேட்காம எதையும் செய்ய விடாதீங்க. அவங்க பேரில் விரதத்தை வீட்டில் இன்னொருத்தர் எடுத்துக்கலாம். எடுத்துக்கிறவர் அந்த ஆறு நாள் அடுப்பையும் சேர்த்து எடுத்துக்கட்டும். சூரசம்ஹாரம் முடிஞ்சு மறுநாள் திருக்கல்யாணத்துக்கு என்ன பாயசம் வைக்கலாம்னு அக்காவைக் கேளுங்க. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பக்குவம் சொல்லுவாங்க, நீங்க வெல்லத்தைத் தட்டிப் போடுங்க.