சாத்தூர் ரோட்டுக் குறிப்புகள்

விருதுநகர் தாண்டி வலப்பக்கம் திரும்பியதும் நாற்கரச் சாலையின் வேகம் வண்டியை விட்டு இறங்கிவிடுகிறது. ஆமத்தூர், திருத்தங்கல், பிறகு சிவகாசி. இரண்டு பக்கமும் கரிசல். புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வேனுக்குள் பெரியப்பா, அத்தை, அண்ணன், மதினி, பிள்ளைகள். எல்லோரிடமும் ஆளுக்கொரு பட்டியல். பிள்ளைகளின் பட்டியலில் எழுத்தைவிடப் படம் அதிகம்.

பட்டாசு வாங்க மதுரையிலிருந்து ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டால் அண்ணனிடம் ஒரே பதில்: "எண்பது பெர்சன்ட் தள்ளுபடிடா." வண்டி எடுத்துக்கொண்டு வருவதற்கும் காரணம் உண்டு. ரயிலில் பட்டாசு ஏற்றக் கூடாது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி அது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இணையத்தில் விற்கக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் ஐப்பசிக்கு முன் வரும் ஒவ்வொரு விடுமுறை நாளிலும் இந்தச் சாலையில் குடும்பங்கள் வரிசைகட்டுகின்றன.

*

மழை பொய்த்த ஊர் என்பதுதான் சிவகாசியின் முதலீடு. காற்றில் ஈரம் குறைவு. மருந்து காயும், திரி காயும், அட்டைக் குழாய் காயும். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயிலை இரண்டு பேர் வேறு கணக்கில் பார்த்தார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 வாக்கில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்பு, அதிலிருந்து பட்டாசு. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் கட்டாயமானது. அது உலகப் போர்க்காலம். வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோய், உள்ளூர்ச் சரக்குக்கு இடம் கிடைத்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதனால் அச்சுத் தொழிலும் வந்து உட்கார்ந்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரும் பெரும்பாலும் இந்த ஊர்தான்.

பெரியப்பா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவருக்குச் சரவெடி கிடைக்குமா என்பதுதான் கவலை.

*

சாத்தூர் ரோட்டில் நாங்கள் நுழைந்ததைக் கடை என்று சொல்லக் கூடாது, கல்யாண மண்டபம். குளிரூட்டிய கூடம், கூடை தள்ளிக்கொண்டு போக வழி, நுழைந்ததும் பிள்ளைகளுக்கு மிட்டாய். கம்பி மத்தாப்பு, சாட்டை, புஸ்வாணம், தரைச்சக்கரம், குருவி வெடி, பிஜிலி என்று பழைய பெயர்கள் கீழ்த் தட்டில் இருக்கின்றன. மேல் தட்டெல்லாம் பேன்சி ரகம். வானத்தில் போய்ப் பூப்பவை.

பச்சை வேண்டும் என்றால் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்குச் சோடியம், வெள்ளிப் பொறிக்கு அலுமினியப் பொடி. பள்ளியில் படித்த தனிம அட்டவணை இங்கே அட்டைப் பெட்டியில் அடுக்கியிருக்கிறது. ஆனால் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் 23 தீர்ப்பிலேயே தடை. அதன் பிறகுதான் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) உருவாக்கிய கலவையில் பசுமைப் பட்டாசு என்று முத்திரை குத்தி வருகிறது.

"சரம் இல்லையாப்பா?"

"இல்லைங்கய்யா, கோர்ட்டு."

பெரியப்பா அதற்கு மேல் பேசவில்லை. தனக்குத் தெரிந்த தீபாவளியை யாரோ தட்டிலிருந்து எடுத்துவிட்டது போல நின்றார். பிறகு லட்சுமி வெடிக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

தள்ளுபடியைப் பற்றி ஒரு வரி. பெட்டியில் அச்சடிக்கும்போதே தள்ளுபடிக்கு இடம் விட்டு விலையைப் போடுவது இந்த வியாபாரத்தின் வழக்கம். எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் பில்லின் அடியில் கழித்த தொகையைப் பார்க்கும்போது அவன் முகத்தில் வரும் வெளிச்சம் பொய்யில்லை. மதினிதான் கேட்டாள்: "கழிச்சது சரிங்க, குடுத்தது எவ்வளவு?"

*

பில் போடும் வரிசை நகரவில்லை. வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். சனிக்கிழமை. இந்தப் பக்கம் சம்பள நாள். பக்கத்தில் ஒரு அக்கா, தூக்குவாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் கிராமம். வெடிக்குத் திரி வைக்கிற வேலை.

"மருந்து ரூம்பு வேலை பாக்குறீங்களாக்கா?"

"அது ஆம்பளையாளுக. விடியக்காலம் கலந்து முடிச்சிருவாக. வெயில் ஏறிட்டா கிட்டயே போகக் கூடாது தம்பி."

அவர் சொன்னதும், படித்தும் கேட்டும் தெரிந்ததும் சேர்ந்து மனதில் ஓர் ஆலை எழும்பியது. பட்டாசு ஆலை என்பது ஒரே பெரிய கட்டடம் அல்ல. சின்னச் சின்ன அறைகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே காலி இடம், வேம்பு, புங்கை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்குள் மின்விளக்கு கிடையாது, பகல் வெளிச்சம்தான். செருப்பு வெளியே. நைலான் துணி உடம்பில் இருக்கக் கூடாது, பருத்திதான். நுழையும்போது உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பில் தேங்கிய மின்னை இறக்கிவிட்டுப் போக வேண்டும். மருந்தைக் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும், இரவுக்கு மிச்சம் வைக்கக் கூடாது. இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, போடக் கூடாது.

இந்த விதிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: மெல்ல, கொஞ்சமாக, தள்ளி. ஒரு மடத்து ஒழுக்கம் போல இருக்கிறது. பின்னால் கடைக்குள்ளிருந்து "பில் ஆச்சா, பில் ஆச்சா" என்று அண்ணன் குரல்.

*

விபத்து அந்த ஒழுக்கம் உடையும் இடத்தில் நிகழ்கிறது. அந்த உடைப்பில் வாங்க வரும் நமக்கும் பங்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சித்திரையில் தேவைப்படாத பட்டாசு ஆவணியில் அவசரமாகத் தேவைப்படுகிறது. ஆர்டர் குவிகிறது. நான்கு பேர் அறையில் கூடுதல் ஆட்கள் உட்காருகிறார்கள். அறை போதாமல் மரத்தடியில் வேலை நடக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில், வேலை உள்குத்தகைக்காரர்கள் கையில். ஆளுக்கு ஓர் அறை என்று பிரித்து எடுத்தபின், போட்ட காசை எடுக்க ஒவ்வொருவருக்கும் அவசரம்.

2012 செப்டம்பர் 5, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி ஆலை. தீபாவளிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. இறந்தவர்கள் நாற்பது பேர் அளவில். அவர்களில் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். புகையைப் பார்த்துவிட்டுக் காப்பாற்ற ஓடிவந்த ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூரை அடுத்த அச்சங்குளம், இருபதுக்கும் மேற்பட்டோர். பெயர் தெரிந்த ஊர்கள் இவை. செய்தித்தாளின் ஐந்தாம் பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துபோன ஊர்கள் எத்தனையோ.

இதைச் சொன்னால், பட்டாசே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பார்கள். அந்த அக்காவிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. மழையை நம்ப முடியாத மண்ணில் வாரச் சம்பளம் தரும் வேலை அது. அவர் மகள் அருப்புக்கோட்டையில் நர்சிங் படிக்கிறாளாம். "அவள இதுக்குள்ள விட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

*

மதியம் எண்ணெய்ப் பரோட்டா. விருதுநகர் வரைக்கும் பசி தாங்காது என்று இங்கேயே சாப்பிட்டோம். அத்தைக்குப் பிடிக்கவில்லை. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

*

திரும்பும் வழியில் பிள்ளைகள் மும்முரமாகப் பங்கு பிரித்துக்கொண்டு வந்தார்கள். தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்க அரசு தரும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எது முதலில், எது கடைசி என்று அட்டவணை போட்டாயிற்று. சின்னவள் மட்டும் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள். கம்பியில் மருந்து ஏன் வழியாமல் நிற்கிறது என்று கேட்டாள். சட்டத்தில் அடுக்கிய கம்பிகளைப் பசையோடு குழைத்த மருந்தில் முக்கி எடுத்துக் காயவைப்பார்கள், அது காய்ந்தபின் இன்னொரு தடவை முக்குவார்கள் என்றேன். "காயற வரைக்கும் சும்மா இருப்பாங்களா?" என்றாள். அடுத்த சட்டக் கம்பிகளை முக்குவார்கள் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. காயும்வரை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

கப்பலூர் சுங்கச்சாவடியில் நீண்ட வரிசை. எல்லா வண்டியின் பின்பக்கமும் அதே அட்டைப் பெட்டிகள்.

சிவகாசிக்குப் போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அங்கே கடைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன. தீபாவளிக்கு முந்தின வாரம் போய் நெரிசலில் நிற்காமல் ஆனி, ஆடியிலேயே போங்கள். வாங்கியதை வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். எக்காரணம் கொண்டும் ரயிலில் ஏற்றாதீர்கள்.