விதைப்புக்கு முன் சொல்லுங்கள்

இறக்குமதி வரியை வெளிநாட்டான் கட்டுகிறான் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. கட்டுவது துறைமுகத்தில் சரக்கை எடுக்கும் நம்மூர்க்காரர்தான். பஞ்சுக்குப் போட்ட வரி நூல் விலையில் ஏறி, நெசவுக்கூலியை நெருக்கி, தீபாவளிக்கு மதுரை விளக்குத்தூண் கடைகளில் துணி எடுக்க வருபவரின் மடியில் வந்து நிற்கிறது.

அதற்காக வரியே கூடாது என்று மதுரைக்காரரால் சொல்லிவிட முடியாது. ஹார்வி பஞ்சாலை இங்கே 1892இல் எழுந்தது. நான்கே ஆண்டுகளில், இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெருக்குதலால், இறக்குமதித் துணிக்கு இருந்த அதே 3.5 சதவீத வரியை இந்திய ஆலைத் துணிக்கும் போட்டது ஆங்கில அரசு. சொந்த மண்ணில் நெய்ததற்கே தண்டம்! அதை நிறுத்திவைக்க 1925 ஆனது. வரி யாரைக் காக்கிறது என்பதை அன்றே பார்த்துத் தெரிந்துகொண்ட ஊர் இது.

நம் காலத்துக்கு வந்தால், 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவீத வரி வந்தது. 2022 ஏப்ரலில் விலக்கினார்கள். அக்டோபருக்குப் பின் மறுபடி வந்தது. 2025 ஆகஸ்ட் 19 முதல் மீண்டும் விலக்கு. முதலில் செப்டம்பர் வரை என்றார்கள், பிறகு டிசம்பர் வரை நீட்டினார்கள். அந்த ஆகஸ்டிலேயே அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்ததால், ஆலைகளும் ஏற்றுமதியாளர்களும் தவித்தது உண்மை. அவர்கள் வரிவிலக்கு கேட்டதில் தவறில்லை.

ஆனால் திருமங்கலம், பேரையூர், கல்லுப்பட்டிக் கரிசலில் கணக்கு வேறு. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மானாவாரியாக விதைப்பார்கள். தை பிறந்த பிறகுதான் பருத்தி எடுப்பு. ஆலை எந்த வாரமும் எந்த நாட்டிலும் பஞ்சு வாங்கலாம். சம்சாரிக்கு வருஷத்துக்கு ஒரே விதைப்பு. 2021இல் வரியை நம்பி விதைத்தவர், எடுப்பு முடியும் முன்னே அது இல்லாமல் போனதைப் பார்த்தார். அந்த வருஷம் பஞ்சு விலை உச்சத்தில் இருந்ததால் அடி வெளியே தெரியவில்லை. ஆனால் 2025 டிசம்பர் வரை வரியின்றி இறங்கிய பஞ்சு ஆலைக் கிடங்கில் கிடக்கும்போது, தையில் பருத்தி கொண்டுபோகிறவர் வியாபாரியிடம் என்ன விலை பேச முடியும்?

வரி எத்தனை சதவீதம் என்பதைவிட, எத்தனை மாதம் நிற்கும் என்பதே அவருடைய வாழ்வு. நடுவில் எடுக்கக்கூடிய காவலை நம்பி யாரும் விதைக்க முடியாது.

ஆகவே அரசு வரியைப் புரட்டாசிக்கு முன் அறிவிக்கட்டும். கடைசி எடுப்பு முடியும்வரை அதைத் தொடாதிருக்கட்டும். இடையில் ஆலைக்கு உதவி தேவைப்பட்டால் கஜானாவிலிருந்து கொடுங்கள். கரிசல்காரரின் விலையிலிருந்து எடுக்காதீர்கள்.